வெறும் பக்கத்தில் வைத்த கையெழுத்து

மாணவர் செயற்றிட்டங்களை மேற்பார்வை செய்யப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நால்வரும் போன கிழமை வீடு தேடி வந்து, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ மிஸ் என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணி தந்து, வெய்யிலைப் பற்றிக் கதைத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போனபின் சொல்லாமல் விட்டது பிழையோ என்று இருந்தது. சொல்லியிருந்தால் அதுவும் பிழையோ என்றும் இருந்தது. இரண்டில் எது பெரிய பிழை என்று தெரியாதபோது எழுதிப் பார்ப்பது என் வழக்கம். பிடிக்காவிட்டால் கிழித்துவிடலாம்.

நான் அந்த வேலையில் இருந்தது நான்கு வருடங்கள்தான். ஓய்வுபெற்றவள் என்று சொல்லிக்கொள்ள வயது போதாது. ஆறு வயதுக்காரன் ஒருவனும் ஒன்றரை வயதுக்காரி ஒருத்தியும் உள்ள வீட்டில் ஓய்வும் கிடையாது. ஆனாலும் வேலையை விட்டவளுக்கு ஒரு வசதி உண்டு. அவளுடைய நியமனத்தை இனி யாரும் நீடிக்கத் தேவையில்லை.

படிவம் நிரப்புவது, வரைபு கீறுவது, அறிக்கையின் ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு கிணற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த நாட்களின் நிலைமை தெரிய வேண்டும். போர் நிறுத்தத்தால் பாதை திறந்திருந்தது. உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் கிழமைக்கு இரண்டு தடவையாவது வந்துபோகும். வந்தவர்கள் எல்லோரும் சுற்றாடலில் அக்கறையுள்ளவர்கள். அவர்களுக்குக் காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். ஆகவே மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு பசுமைச் செயற்றிட்டம் செய்வார்கள். அதை மேற்பார்வை செய்யும் பொறுப்பு யாருக்கும் வேண்டாததாக இருந்தபடியால் கடைசியாக வேலைக்கு வந்த எனக்குத் தரப்பட்டது.

சுற்றாடல் தினம் யூன் மாதத்தில் வருகிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் வன்னியில் ஒரு யூன் மாதமாவது இருந்து பார்த்ததில்லை. சோழகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும் காலம் அது. இங்கே மழை ஐப்பசியில் தொடங்கும். கன்று நடுகிறவன் கார்த்திகையில் நடுவான். நம் பல்கலைக்கழக வளாகம் மட்டும் பிரதம விருந்தினருக்கு எந்த நாள் வசதியோ அந்த நாளில் நடும். கன்றுகள் ஆடி முடிவதற்குள் கருகிவிடும். அடுத்த யூனில் அதே குழிகளில் அடுத்த விருந்தினர் நடுவார். ஒருமுறை நான் தோட்டத் தொழிலாளியிடம் இந்தக் குழிகளை ஏன் மூடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மூடி என்ன பிள்ளை, வாற வருசமும் ஐயாமார் வருவினம்தானே" என்றார். நீண்டகாலத் திட்டமிடல் என்று நம் வளாகத்தில் நான் கண்டது அது ஒன்றைத்தான்.

நான் பொறுப்பெடுத்த இரண்டாவது வருடம் செயற்றிட்டம் கொஞ்சம் பெரிது. நிதி தந்த நிறுவனம் மரநடுகையோடு மழைநீர்ச் சேகரிப்பும் கேட்டிருந்தது. பெண்கள் விடுதியின் கூரையைச் சுற்றித் தண்ணீர் வழிந்தோடத் தகரப் பீலி பூட்டி, மழைநீரைக் குழாயால் விடுதிக் கிணற்றுக்குள் இறக்குவது திட்டம். இனிக் கோடையிலும் கிணறு வற்றாது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம். எழுதியவள் நான்தான். பீலி வைகாசியில் பூட்டி முடிந்தது. மழை அதற்கு முன்னரே முடிந்திருந்தது. ஆகவே யூனில் நட்ட கன்றுகளுக்கு விடுதிக் கிணற்றிலிருந்து காலையும் மாலையும் தண்ணீர் இறைக்கப்பட்டது. வெளியே ஒரு பெரிய பதாகை நின்றது, பிளாஸ்ரிக் பாவனையைக் குறைப்போம் என்று. அதுவும் பிளாஸ்ரிக்தான். இரண்டு கன்றுகளுக்கு அது நல்ல நிழல் கொடுத்தது, அவைதான் கடைசியாகக் கருகின.

விடுதியில் சுபாஜினி என்று ஒரு மாணவி இருந்தாள். இறுதி வருடம். விசுவமடுவில் வெங்காயமும் மிளகாயும் செய்கிற குடும்பம். தனது இறுதி வருடச் செயற்றிட்டமாக அவள் அந்தக் கிணற்றை எடுத்துக்கொண்டாள். பீலி பூட்டியதால் கிணற்றில் என்ன மாற்றம் வருகிறது என்று ஒரு வருடம் நாள்தோறும் அளப்பது. கருவி என்ன பாவிக்கப்போகிறீர் என்று கேட்டேன். ஒரு கயிற்றைக் கொண்டுவந்து காட்டினாள். நுனியில் கல், சாணுக்கு ஒரு முடிச்சு. கல் அடியில் தட்டும்வரை இறக்கி, தூக்கி, நனைந்த முடிச்சுகளை எண்ணுவது. அவர்கள் தோட்டத்தில் தகப்பன் அப்படித்தான் செய்வாராம். தை மாதத்தில் எத்தனை முடிச்சு நனைகிறதோ அதைப் பார்த்துத்தான் எத்தனை பாத்தி வெங்காயம் வைப்பது என்று தீர்மானிப்பாராம்.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்குக் கயிறா என்று. ஆனால் வேறு கருவி வாங்க வழி இல்லாததால் அங்கீகரித்தேன். இந்த விஷயத்தில் நான் சரியாக நடந்ததற்குக் காரணம் நம் களஞ்சிய அறையில் ஒன்றும் இல்லாததுதான்.

இனி என் பிழை.

அளவுகளை எழுதும் களக் கொப்பியின் ஒவ்வொரு பக்கமும் ஒரு கிழமை, ஏழு நாள். பக்கத்தின் அடியில் மேற்பார்வையாளர் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாத பக்கம் பரீட்சகருக்குச் செல்லாது. உங்களுக்கும் அதே விதிதான். அந்த வருடம் என் மகனுக்கு ஒன்றரை வயது. மாதத்தில் இரண்டு தடவையாவது காய்ச்சலும் இழுப்பும் வரும். கணவருக்கு முல்லைத்தீவுக் கச்சேரியில் அரச வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். நான் வராத கிழமைகளில் சுபாஜினியின் பக்கங்கள் கையெழுத்தில்லாமல் நின்றன.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், தன் சேவைக்காலத்தில் ஒரு நாளும் அவசரப்படாதவர். எப்படி என்று அன்றுதான் தெரிந்தது. "நீர் பிள்ளைக்காரி. காய்ச்சல் நாள் பாத்து வராது. கையெழுத்தை முதலே வைச்சு விட்டிடும்" என்றார். தானும் அப்படித்தான் செய்வதாகச் சொன்னார். பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நான் இருந்து, கொப்பியின் மிச்சப் பக்கங்கள் அத்தனைக்கும் ஒரே மூச்சில் கையெழுத்து வைத்தேன். கை நோகும்வரை வைத்தேன். அன்றைக்கு என்னை ஒரு கடமை தவறாத மேற்பார்வையாளராகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சுபாஜினி மட்டும் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை மிஸ். இன்னும் வராத கிழமைக்கெல்லாம் நீங்கள் சாட்சி" என்றாள்.

நான் சிரித்தேன். அதைப் பகிடியென்று எடுத்ததற்குக் காரணம் எனக்கு அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததுதான்.

யூன் தொடக்கத்தில் பதினெட்டு முடிச்சு நனைந்தது. ஒவ்வொரு கிழமையும் குறைந்தது. ஓகஸ்டில் ஐந்து. விடுதிப் பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு வாளி என்று கட்டுப்பாடு வந்தது. கன்றுகளுக்குக் கட்டுப்பாடு இல்லை, ஏனென்றால் நிதி தந்தவர்கள் ஓகஸ்ட் கடைசியில் பார்வையிட வருவதாக அறிவித்திருந்தார்கள். அரைவாசிக் கன்றாவது பச்சையாக நிற்க வேண்டும் என்பது துறைத்தலைவரின் கட்டளை. சுபாஜினி தன் கொப்பியின் குறிப்புப் பகுதியில் நாள்தோறும் எழுதினாள்: கன்றுகளுக்கு இத்தனை வாளி, குளிக்க இத்தனை வாளி. இது உம்முடைய தலைப்புக்குள் வராது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தண்ணி போற இடம் தலைப்புக்குள்ளை வராதோ மிஸ் என்று கேட்டாள். பிறகு நான் சொல்லவில்லை.

பார்வையிட வரும் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் ஒரு உழவு இயந்திரம் தண்ணீர்ப் பவுசரை இழுத்துக்கொண்டு விடுதிக்குள் வந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்து முஸ்லிம் ஊரவர், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தன் வயல் கிணற்றிலிருந்து கலியாண வீடுகளுக்குத் தண்ணீர் கொடுப்பவர். குழாயைக் கிணற்றுக்குள் விடச் சொல்லித் துறைத்தலைவர் கை காட்டினார். நானா நம்பவில்லை. ஒருமுறை இறங்கிவந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மகள், இவ்வளவு காலமும் கிணத்துல இருந்து எடுத்து ஊருக்குக் குடுத்தவன் நான். கிணத்துக்கே தண்ணி குடுக்கிறது இதான் முதல் தரம்" என்றார்.

மூன்று தடவை ஊற்றினார்கள். நான்காவது தடவைக்கு வழியில் டயர் காற்றுப் போய்விட்டது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியனுப்பினார். நான் அங்கே நின்றேன். மூன்று தடவையையும் பார்த்தேன். மகனுக்கு முதல்நாளிரவிலிருந்து மேல் சுட்டுக்கொண்டிருந்தது, என் மனம் அதில் இருந்தது என்று அப்போது எனக்கு நானே சொன்னேன். இப்போதும் ஓரளவுக்கு அப்படித்தான் சொல்கிறேன்.

அடுத்தநாள் காலை எட்டு மணிக்கு நான் போனபோது துறைத்தலைவரின் மேசையில் களக் கொப்பி விரித்தபடி இருந்தது. காட்சிக்கு வைப்பதற்காக எடுத்திருக்கிறார், அப்போதுதான் முதல்முறையாக வாசித்திருக்கிறார். சுபாஜினி வழமைபோல ஆறு மணிக்கு அளந்திருந்தாள். முதல்நாள் ஐந்து முடிச்சு, இன்றைக்கு ஒன்பது. பக்கத்தில் குறிப்பு: பவுசர், மூன்று தடவை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். இரண்டாம் கட்ட நிதி கிடைத்தால் விடுதிக்குக் குழாய்க்கிணறும் தண்ணீர்த் தாங்கியும் வரும் என்றார். அந்தப் பிள்ளைகள் எவ்வளவு காலத்துக்கு இரண்டு வாளியில் குளிப்பது என்று கேட்டார். உண்மையான கவலைதான் அது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் தளம்பும். பிறகு கொப்பியின் பின்பக்கங்களைப் புரட்டினார். கையெழுத்து மட்டும் உள்ள வெறும் பக்கங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். யூனிலிருந்து இன்றுவரை எழுதப் போதும்.

"பதினெட்டிலையிருந்து ஐஞ்சுக்கு இறங்கின கதை அவைக்குத் தேவையில்லை. பன்ரண்டு, பதினொண்டு, பத்து, ஒன்பது எண்டு ஆறுதலா இறங்கினதா இந்தப் பக்கங்களிலை எழுதட்டும். பழைய பக்கங்களைக் கழட்டிவிடலாம். ஒரு மணித்தியால வேலை."

நான் கொப்பியை என் பக்கம் இழுத்தேன்.

"இஞ்சை பாரும், நான் பொய் எழுதச் சொல்லேல்லை. ஒழுங்கா எழுதச் சொல்லுறன்" என்றார்.

அவருடைய மேசையில் இன்னொரு கடதாசியும் இருந்தது. என் நியமனத்தை ஒரு வருடம் நீடிக்கும் கடிதம். அதற்கு அவருடைய கையெழுத்து வேண்டும். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது தானாகவே அங்கே கிடந்தது.

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்ச் சுபாஜினியைக் கூப்பிட்டு, திருப்பி எழுதச் சொன்னேன். ஓம், சொன்னேன். இந்த இடத்தில் நான் தயங்கினேன், மறுத்தேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். குழாய்க்கிணறு வரும், தாங்கி வரும், எல்லோருக்கும் நல்லது என்று அவருடைய சொற்களையே அவரைவிட வடிவாகச் சொன்னேன்.

அவள் ஈரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, வாதாடவில்லை.

"எழுதலாம் மிஸ். நாளைக்கு எத்தினை முடிச்சு எண்டும் சேரிட்டைக் கேட்டுச் சொல்லிவிடுங்கோ" என்றாள்.

"என்ன கதை இது?"

"இல்லை மிஸ், இந்தப் பவுசர்த் தண்ணியை நிலம் குடிச்சிடும். நாளண்டைக்குத் திரும்ப ஐஞ்சுக்கு வந்திடும். அப்ப நான் அளந்து எழுதிறதோ, இல்லாட்டி சேர் தாறதை எழுதிறதோ? மழைக்கு ஏறினாப்போலை எங்கையிருந்து ஏறினது எண்டு சொல்லிறது?" கயிற்றைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். "அப்பா கயித்திலை ஏமாந்தா வெங்காயம் கருகும். இஞ்சை கருகிறது என்ரை ஒரு வருசம். எண்டாலும் கையெழுத்து உங்கடை. நீங்கள் சொன்னா எழுதிறன்."

அவளுடைய பட்டம் அந்தக் கொப்பியில்தான் இருந்தது. தொடக்கம் பொய்யானால் மழைக்காலத்தில் அளக்கப்போவதெல்லாம் எதோடும் ஒப்பிட முடியாத வெறும் எண்கள். அது எனக்கு விளங்கியது. விளங்கியும், பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகனைப் பார்க்கத்தான் போனேன். அவளுடைய கேள்வியிலிருந்து தப்பவும்தான் போனேன்.

மகனைப் பகலில் பார்த்துக்கொள்பவர் பக்கத்து வீட்டு மலர் அக்கா. அவருக்குச் சொந்தமாக மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் காய்ச்சல் கொப்பி இல்லாமலே வளர்ந்தவர்கள். ஆனால் நான் படித்தவள் அல்லவா. சுவரில் ஒரு தாள் ஒட்டி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெப்பமானி வைத்து எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது. தாளைப் பார்த்தேன். எட்டு மணிக்கு 98.6. பத்து மணிக்கு 98.6. பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு, எல்லாம் 98.6. வெப்பமானி உறைக்குள் இருந்தது.

"அக்கா, நாலு மணி இன்னும் ஆகேல்லையே" என்றேன்.

மலர் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீர் வந்தவுடனை உந்தத் தாளைத்தானே பாப்பீர் தங்கச்சி. கூட இருந்தாப் பதறுவீர். அதுதான் ஒரேயடியா எழுதி விட்டனான்."

"அளக்காமலோ?"

"கை வைச்சுப் பாத்தனான். உமக்குத்தான் தாள் வேணும். எனக்கில்லையே."

நான் வெப்பமானியை எடுத்து மகனுக்கு வைத்துப் பார்த்தேன். நூற்றொன்றுக்கு ஒரு கோடு கீழே. பயப்படுகிற காய்ச்சல் இல்லை. ஆனால் தாளில் இல்லாத காய்ச்சல். பனடோல் பாணி கொடுத்தேன். மலர் அக்காவைப் பேச வாயைத் திறந்தேன். கத்த வேண்டும்போல இருந்தது. பிள்ளையின் உடம்பு உங்களுக்கு விளையாட்டா என்று கேட்க இருந்தேன். அப்போதுதான் என் வாயில் வர இருந்த சொற்கள் எல்லாம் சுபாஜினி எனக்குச் சொல்ல வேண்டியவை என்று தெரிந்தது. பதறுகிறவருக்காக அளக்காததை எழுதச் சொல்லிவிட்டுத்தான் அன்று காலை நானும் வந்திருந்தேன். மலர் அக்கா நாலு மணிவரைதான் எழுதியிருந்தார். நான் அடுத்த வருடம்வரை கையெழுத்து வைத்திருந்தேன்.

அந்தத் தாளை மட்டும் சுவரிலிருந்து எடுத்தேன். பத்து மணிக்கு ஒருமுறை கையை வைத்துப் பாருங்கோ அக்கா, கூடச் சுட்டால் ஆளனுப்புங்கோ, எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மகன் வாசல்வரை வந்து அழுதான். அதை நினைத்தால் போனது சரியோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

விடுதிக் கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு, அந்த வெறும் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் மூலைக்கு மூலை கோடு கீறினேன். ஒவ்வொன்றிலும் எழுதினேன்: அளக்கும் முன் வைத்த கையெழுத்து, செல்லாது. கீழே அன்றைய திகதி போட்டு இன்னொரு கையெழுத்து. சுபாஜினி பக்கத்தில் நின்று பார்த்தாள். முடிய, புதிய கொப்பி ஒன்று வாங்க வேண்டி வரும் மிஸ் என்றாள். அவ்வளவுதான். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடமும் இல்லை.

பதினொரு மணிக்கு வெள்ளை வாகனம் வந்தது. உயரமான ஒரு வெளிநாட்டுப் பெண், கொழும்பிலிருந்து மொழிபெயர்க்க வந்த ஓர் இளைஞன். துறைத்தலைவர் பதாகையைக் காட்டினார், கன்றுகளைக் காட்டினார், பீலியைக் காட்டினார். கிணற்றடி மேசையில் கொப்பி இருந்தது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை, ஒரு மணித்தியால வேலை முடிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திறந்தார். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகக் கீழே வந்தார். பதினெட்டு, பதினைந்து, பத்து, ஐந்து. பிறகு விரல் நின்றது. ஒன்பது.

இது எப்படி என்று கேட்டார்.

துறைத்தலைவர் கூரையைப் பார்த்தார். பீலியைப் பற்றி ஒரு வசனம் தொடங்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சுபாஜினி என்னைப் பார்க்கவில்லை. கயிற்றின் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேற்று பவுசரால் தண்ணீர் ஊற்றினோம்" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

ஏன் என்றார்.

"நீங்கள் வருகிறீர்கள் என்று."

மொழிபெயர்க்க வந்த இளைஞனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, நிலத்தைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் உழவு இயந்திரத்தின் ஹோண் கேட்டது. நான்காவது பவுசர். டயர் ஒட்டி முடிந்திருந்தது. நானா பெரிய குரலில், இதையும் கிணத்துக்குள்ளேயா ஊத்துறது சேர் என்று கேட்டார். துறைத்தலைவர் இல்லை, இது பிள்ளைகளுக்கு என்றார். அன்று அவர் சொன்னதில் நடந்தேறியது அதுதான். சொல்லி வாய் மூடவில்லை, விடுதிப் பெண்கள் இரு கையிலும் வாளியோடு ஓடிவந்து பவுசரைச் சூழ்ந்துவிட்டார்கள். இரண்டு வாளிக் கட்டுப்பாடு அன்று மறக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெண் படம் எடுத்தார்.

அந்தப் படம் அவர்களுடைய ஆண்டறிக்கையில் வந்தது. நீர் முகாமைத்துவத்தில் மாணவிகளின் உற்சாகமான பங்கேற்பு என்று கீழே போட்டிருந்தார்கள். கொப்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன உண்மையை அவர்கள் இவ்வளவு மரியாதையாக ஏற்றுக்கொண்டார்கள். குழாய்க்கிணறும் தாங்கியும் வரவில்லை. இரண்டாம் கட்டமாக வந்தது ஒரு பயிற்சிப் பட்டறை. தலைப்பு, களத் தரவுகளை நேர்மையாகப் பேணுதல். நடத்தியவர் துறைத்தலைவர். எனக்கு அழைப்பு இல்லை.

விடுதிப் பெண்கள் அடுத்த இரண்டு கோடையும் இரண்டு வாளியில்தான் குளித்தார்கள். நான் வாயை மூடியிருந்தால் தாங்கி வந்திருக்குமோ என்று அவர்களைக் காணும்போதெல்லாம் யோசிப்பேன். அதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டது அடுத்தநாள். "நீர் நல்ல பிள்ளை. ஆனா நல்ல பிள்ளையளோடை வேலை செய்யிறது கரைச்சல்" என்றார். என் நியமனம் ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு நீடிக்கப்பட்டது. பிறகு இன்னொரு மூன்று மாதம். மகள் வயிற்றில் வரும்வரை மூன்று மூன்று மாதமாகவே வேலை செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை போய்விடுமோ என்று பயப்படுவது, பயந்த சுபாவமுள்ளவளுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

சுபாஜினி சொன்னது போலவே மூன்றாம் நாள் கயிறு ஐந்துக்கு வந்தது. அதையும் எழுதினாள். ஐப்பசியில் முதல் பெருமழைக்கே பீலி ஒரு பக்கத்தால் கழன்று தொங்கியது. அதையும் எழுதினாள். அடுத்த வைகாசிவரை அளந்து முடித்து, அறிக்கையின் முடிவுரையில் இப்படி எழுதியிருந்தாள்: பீலியினால் கிணற்றில் ஏற்பட்ட மாற்றம் எதையும் இந்த அளவீடுகளில் காண முடியவில்லை. பவுசரினால் ஏற்பட்ட மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். கீறி அழித்த பக்கங்களைப் பற்றி என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் கொப்பியை மெதுவாக மூடினார். அவர் வீட்டிலும் அப்படி ஏதாவது கொப்பிகள் இருந்தனவோ தெரியாது. அவளுக்கு நல்ல புள்ளிகள் போட்டார்.

அவள் பட்டம் முடித்து ஊருக்குப் படிப்பிக்கப் போனாள். போவதற்கு முன் அந்த வருடக் கார்த்திகையில் விடுதிப் பின்புறத்தில் நாலைந்து வேப்பங்கன்றுகளை, பதாகை ஒன்றும் இல்லாமல் நட்டுவிட்டுப் போனாள். நிற்கின்றன. நீங்கள் மோட்டார் சைக்கிள் விடுவது அவற்றின் நிழலில்தான். திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியபின் அவளிடமிருந்து கடிதம் இல்லை. வானொலியில் விசுவமடு என்று கேட்டால் குசினியிலிருந்து முன்னறைக்கு வந்துவிடுவேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிகிறது.

உங்களிடம் ஒரு புத்திமதியும் வற்புறுத்திச் சொல்லப் பயமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் கண்டேன். பிழையைச் செய்யச் சொல்லி வருகிறவர் ஒருபோதும் பிழையான காரணத்தோடு வருவதில்லை. பிள்ளைகளுக்குத் தாங்கி என்று வருவார், உமக்குக் காய்ச்சல்காரப் பிள்ளை என்று வருவார். அவருக்கு வழி திறந்து கொடுப்பது, நாங்கள் நேரம் மிச்சம் பிடிக்க முன்கூட்டியே செய்துவைத்த ஏதோ ஒன்று. நான் வெறும் பக்கங்களில் கையெழுத்து வைத்திருக்காவிட்டால் அவர் அன்று அதைக் கேட்டிருக்கவே முடியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகன் பள்ளிக்கூடத்தால் வந்து வாசிப்புக் கொப்பியை மேசையில் வைத்தான். முதலாம் வகுப்பு. ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒரு பக்கம் வாசித்து, பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். ஏழு கோடு, ஒன்றிலும் கையெழுத்து இல்லை.

"அம்மா, ஏழுக்கும் போட்டுத் தாங்கோ. நான் பிறகு வாசிக்கிறன்."

"ஆர் உப்பிடிச் சொன்னது?"

"ரீச்சர்தான். நாளைக்குக் கல்விக் கந்தோரிலையிருந்து பாக்க வருவினமாம். எல்லாற்றை அம்மாவும் போட்டிட்டினம்."

அவனைப் பக்கத்தில் இருத்தினேன். எழுத்துக் கூட்டி, இடையில் இரண்டுமுறை தண்ணீர் குடித்து, ஒரு பக்கம் வாசித்தான். ஒரு கையெழுத்து வைத்தேன். அழுதுகொண்டு விளையாடப் போய்விட்டான். மிச்சம் ஆறு கோடும் வெறுமையாக இருக்கின்றன. ரீச்சர் நல்ல மனிதர், நாளைக்கு அவருக்கு என்னால் கரைச்சல்தான்.